மொட்டைமாடியிலிருந்து பர்னார்டு விண்மீனின் நகர்வை அளக்க முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரிய நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அவரிடம் ஆறு அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்றும், பூமியின் சுழற்சிக்கு ஏற்பத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும், மோட்டார் பொருத்திய ஈக்குவடோரியல் தாங்கியும், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றும் இருக்கின்றன. வானத்தில் எல்லா விண்மீன்களையும்விட வேகமாக இடம்பெயர்வது பர்னார்டு விண்மீன் என்று படித்திருக்கிறார். கைபேசிச் செயலியில் அதன் ஆயங்களை, அதாவது வானில் அதன் இடத்தைக் குறிக்கும் எண்களைப் பார்த்தால், 2000ஆம் ஆண்டுக்கு உரியதும் இன்றைக்கு உரியதும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகை வேறுபடுகின்றன. அந்த வேறுபாடுதான் விண்மீனின் நகர்வா, அதைத் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் தாமே அளக்க முடியுமா, அளந்தால் அதிலிருந்து விண்மீனின் தொலைவையும் கணக்கிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றே என்று எனக்குப் படுகிறது: படத்தில் தெரியும் இடமாற்றம் விண்மீனுடையதா, அல்லது கருவியும் காற்றும் கணக்கும் சேர்ந்து காட்டும் பொய்யா என்பதை எப்படிப் பிரித்தறிவது? வேலூரில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். தொழில்முறை வானியலாளன் அல்லன். ஆனால் இந்த ஒரு விண்மீனைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்தும் படமெடுத்தும் வருகிறேன் என்பதால், அந்த அனுபவத்தின் அளவிற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் செயலி காட்டும் வேறுபாட்டைத் தீர்த்துவிடுவோம். அதில் பெரும்பகுதி விண்மீனின் நகர்வே அல்ல. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுவதால், நாம் விண்மீன்களுக்கு இடம் குறிக்கப் பயன்படுத்தும் வலைக்கோடுகளே ஆண்டுதோறும் சுமார் 50 விகலை (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை) நகர்கின்றன. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு அயனாம்சம் என்ற சொல் தெரிந்திருக்கும். இன்று 24 பாகையைத் தாண்டி நிற்கும் அந்த அயனாம்சம், இதே அச்சாட்டம் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்ததன் விளைவுதான். பர்னார்டு விண்மீன் இருக்கும் இடத்தில் இது 25 ஆண்டுகளில் ஆயத்தைக் கிழக்காகச் சுமார் 18 கலை தள்ளியிருக்கும். அதே 25 ஆண்டுகளில் விண்மீன் தானாக நகர்ந்தது வடக்கு நோக்கிச் சுமார் 4.3 கலை மட்டுமே. காவலூர் வானாய்வகம் தொடங்கப்பட்டபோது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. கட்டடம் ஓர் அடிகூட நகரவில்லை, முகவரிதான் மாறியது. செயலி காட்டுவதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட முகவரி மாற்றம். ஆகவே ஆயங்களைத் துரத்தாமல், படத்தில் அக்கம்பக்கத்தில் தெரியும் மங்கலான விண்மீன்களோடு ஒப்பிட்டு இது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. அச்சாட்டம் அவற்றையும் சேர்த்தே இழுத்துச் செல்வதால், ஒப்பீட்டில் அது மறைந்துவிடுகிறது.

இங்கே அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய பாடநூல்கள் ஆர்க் விநாடி என்று எழுதுவதைத்தான் நான் விகலை என்கிறேன். முழுநிலவின் விட்டம் ஏறத்தாழ 31 கலை. பர்னார்டு விண்மீனின் சொந்த நகர்வு, அதாவது புராப்பர் மோஷன், ஆண்டுக்கு 10.4 விகலை. அது நிலவின் அகலத்தைக் கடக்கச் சுமார் 180 ஆண்டுகள் ஆகும். கேட்பதற்கு ஆமை வேகம்தான். ஆனாலும் வானத்தில் இதற்கு இணையான வேகம் வேறு எந்த விண்மீனுக்கும் இல்லை.

ஐயமின்றிச் சொல்லக்கூடியவை இவை. விண்மீன்கள் நிலையானவை அல்ல என்பதை முதலில் காட்டியவர் எட்மண்ட் ஹாலி. 1718இல் அவர் பண்டைய கிரேக்கப் பட்டியல்களைத் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டு, நாம் சுவாதி என்று அழைக்கும் ஆர்க்டூரஸும் சிரியஸும் இடம் மாறியிருப்பதைக் கண்டார். சுவாதி ஆண்டுக்கு 2.3 விகலை நகர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளில் அது நிலவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளிப் போயிருக்கிறது. 1916இல் அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்டு, 1894இல் எடுத்த பழைய ஒளிப்படத் தகட்டைப் புதியதோடு ஒப்பிட்டபோது ஒரு மங்கலான சிவப்புப் புள்ளி ஏறக்குறைய நான்கு கலை இடம்பெயர்ந்திருப்பதைப் பார்த்தார். அதுவே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது சூரியனிலிருந்து 5.96 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு சிவப்புக் குள்ள விண்மீன். ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தின் மூன்று விண்மீன்களை விட்டால் நமக்கு அதுவே அண்டை வீடு. வானத்தின் குறுக்கே அது நொடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது, அதோடு நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கியும் வருகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் பொலிவு 9.5 பரிமாணம்; இந்த அளவில் எண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும்.

முடியுமா என்ற கேள்விக்கு என் முதல் சான்று பென்சில். 1997 மே மாதத்தில், கேமரா எதுவும் இல்லாத காலத்தில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கண்ணருகு வில்லையில் தெரிந்ததை அப்படியே வரைந்து வைத்தேன். பர்னார்டு விண்மீனும் அதன் அருகே இரண்டு மங்கலான விண்மீன்களும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்திருந்தன. பிறகு வேலை, குடும்பம் என்று அதை மறந்தே போனேன். 2009இல் பரணைத் துப்புரவு செய்தபோது அந்த நோட்டு கிடைத்தது. அன்றிரவே தொலைநோக்கியை மாடிக்குத் தூக்கிச் சென்று பார்த்தேன். முக்கோணம் இல்லை. ஒரு முனை வடக்கே இரண்டு கலை விலகி, படம் நீண்டு ஒடுங்கிப் போயிருந்தது. அளவுகோலோ கணக்கோ இல்லாமல், வெறும் கண்ணாலும் பென்சிலாலும் ஒரு விண்மீனின் ஓட்டத்தைப் பார்க்க முடியும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆகவே பன்னிரண்டு ஆண்டு பொறுமை உள்ளவருக்குக் கேமராவே தேவையில்லை என்பேன். ஓரிரு ஆண்டுகளில் வேண்டும் என்றால்தான் கேமராவும் கணக்கும் வந்து சேர்கின்றன.

அந்தக் கணக்கு எளியது. கேமராவின் ஒரு பிக்சலின் அகலத்தை மைக்ரோமீட்டரில் எடுத்து, தொலைநோக்கியின் குவியத்தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதனால் வகுத்து, 206ஆல் பெருக்கினால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலைக்குச் சமம் என்பது கிடைக்கும். ஆறு அங்குல எதிரொளிப்பான்களில் பரவலாகக் கிடைக்கும் 750 மில்லிமீட்டர் குவியத்தூரத்தையும் 4.3 மைக்ரோமீட்டர் பிக்சலையும் எடுத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய 1.2 விகலை. அப்படியானால் விண்மீன் ஓராண்டில் ஒன்பது பிக்சலுக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஒரு மாதத்தில் முக்கால் பிக்சல் நகரும். ஒரு விண்மீன் படத்தில் நாலைந்து பிக்சல் அகலத்திற்குப் பரவிக் கிடந்தாலும், அந்தப் பரவலின் ஒளிமையத்தை மென்பொருள் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறித்துவிடும். முப்பது படங்களின் சராசரியை எடுத்தால் அதையும்விட நுட்பமாகக் கிடைக்கும். எனவே வடக்கு நோக்கிய நகர்வை இரண்டே மாதங்களில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டலாம். இதில் எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை, நீங்களும் தயங்க வேண்டாம்.

நம் ஊர் இந்த வேலைக்கு வாய்ப்பானது. வேலூர், குடியாத்தம் பகுதி 13 பாகை வட அகலக்கோட்டை ஒட்டி இருக்கிறது. பர்னார்டு விண்மீன் வான நடுக்கோட்டுக்கு 4.8 பாகை வடக்கே இருக்கிறது. ஆகையால் அது உச்சிக்கு வரும்போது நம் தலைக்கு நேர்மேலிருந்து எட்டுப் பாகை மட்டுமே தெற்கே தள்ளி நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர் அதைப் பாதி வானத்தில் தடித்த காற்றினூடே பார்க்க, நாம் மெல்லிய காற்றினூடே செங்குத்தாகப் பார்க்கிறோம். தேடுவதற்கு, விருச்சிகத்தின் கேட்டைக்கு வடகிழக்கே, பாம்பைப் பிடித்திருப்பவனாகக் கற்பனை செய்யப்பட்ட ஒபியூக்கஸ் மண்டலத்தில் பீட்டா ஒபியூக்கி என்ற விண்மீனைப் பிடியுங்கள். அது வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். அதிலிருந்து கிழக்கே மூன்றரைப் பாகை நகர்ந்தால் பர்னார்டு விண்மீன் இருக்கும் பகுதி வந்துவிடும். அங்கே 66 ஒபியூக்கி என்ற விண்மீனுக்கு வடமேற்கே முக்கால் பாகைத் தொலைவில் அது இருக்கிறது. நிறத்தை நம்பித் தேடாதீர்கள். ஆறு அங்குலத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. படமெடுத்தால் தெரியும்.

நம் ஊரின் பாதகம் வெப்பம். வேலூரை வெயிலூர் என்று நாமே கேலி செய்துகொள்கிறோம். மரமில்லாத மலை என்ற பழைய வசையும் நமக்கு உண்டு. அந்த மொட்டைப் பாறைகள் பகலில் குடித்த வெயிலை நள்ளிரவுவரை கக்குவதால், காற்று கொதிக்கும் பாத்திரத்தின் மேல்புறம்போல அலைகிறது. கான்கிரீட் மொட்டைமாடி அதைவிட மோசம். மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு நான் எடுத்த படங்களில் விண்மீன்கள் ஆறு விகலை அகலத்துக்கு வீங்கியிருக்கும். அதே இரவில் மூன்று மணிக்கு எடுத்தவற்றில் அதில் பாதிதான். மாடியில் மாலையே நீர் தெளித்துவைப்பதும், தொலைநோக்கியைத் தரையிலிருந்து உயர்த்தி வைப்பதும் சிறிதளவு உதவும். நகர வெளிச்சம் இந்த வேலைக்குப் பெரிய தடையே அல்ல. ஒன்பதரைப் பரிமாணமுள்ள புள்ளி காட்பாடியிலிருந்துகூட எளிதில் படத்தில் விழும். ஜமுனாமரத்தூருக்கோ ஏலகிரிக்கோ கருவியைத் தூக்கிச் செல்வது மகிழ்ச்சி தரும்தான், ஆனால் இந்த அளவைக்கு அது கட்டாயமில்லை. ஒரே இடத்தில், ஒரே கருவியோடு, திரும்பத் திரும்பச் செய்வதுதான் கட்டாயம்.

எடுக்கும் முறையில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை. இருபது முதல் முப்பது விநாடி வரையிலான படங்கள் முப்பதோ நாற்பதோ எடுங்கள். ஜேபெக் கோப்பாக அல்லாமல் ரா கோப்பாகச் சேமியுங்கள். பர்னார்டு விண்மீன் எப்போதும் படத்தின் நடுவிலேயே இருக்கட்டும், ஏனெனில் எதிரொளிப்புத் தொலைநோக்கியில் ஓரத்து விண்மீன்கள் வால்முளைத்து அவற்றின் ஒளிமையம் பக்கவாட்டில் இழுக்கப்படும். கேமராவை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் பொருத்த ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நிலவு ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வைப் பதிவுசெய்பவர்கள் நொடியின் பகுதிகளுக்காக அலைவார்கள். இந்த விண்மீன் ஒரு நாள் முழுதும் நகர்ந்தாலும் 0.03 விகலைதான் என்பதால் நமக்குத் தேதி சரியாக இருந்தாலே போதும்.

அளவிடும்போதுதான் கவனம் தேவை. பர்னார்டு விண்மீனைச் சுற்றிப் பால்வீதியின் ஓரம் படர்ந்திருப்பதால், 11 முதல் 13 பரிமாணம் வரையிலான விண்மீன்கள் படத்தில் நிறையவே கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால் நம் வாழ்நாளில் அசையாத ஆணிகள் என்றே கொள்ளலாம். பதினைந்து இருபது விண்மீன்களை ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுத்து, அவற்றின் உண்மையான இடங்களை ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா செயற்கைக்கோள் தந்த பட்டியலிலிருந்து எடுத்து, அவற்றின்மேல் உங்கள் படத்தைப் பொருத்த வேண்டும். இதை ஆஸ்ட்ரோமெட்ரிகா போன்ற மென்பொருள்கள் செய்துதரும். இங்கே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, கையாவின் மூன்றாம் வெளியீட்டு இடங்கள் 2016ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு உரியவை. ஒப்பீட்டு விண்மீன்களுக்கும் சிறு நகர்வு உண்டு என்பதால் அவற்றை இன்றைய தேதிக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, மென்பொருள் தானாகவே ஒப்பீட்டு விண்மீன்களைத் தேர்வுசெய்யும்போது பர்னார்டு விண்மீனையும் அவற்றோடு சேர்த்துவிட்டால், எதை அளக்க வந்தோமோ அதையே அளவுகோலாக்கிவிட்ட கதையாகிவிடும். பட்டியலைத் திறந்து அதைக் கையால் நீக்குங்கள். பட்டியலின் உதவியே வேண்டாம், என் படங்களை மட்டும் வைத்து அளப்பேன் என்று விரும்பினால் அதுவும் இயலும்: முதல் இரவின் படத்தை அடிப்படையாக வைத்து, மற்ற இரவுகளின் படங்களை அதே ஆணிகளின்மேல் பொருத்திப் பார்த்தால் போதும். மாணவர்களுக்குக் காட்ட இந்த இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதில் வேறு எவருடைய விடையும் கலந்திருக்காது.

இனித் தொலைவு. பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ளவற்றின் பின்னணியில் முன்னும் பின்னும் ஆடுவதுபோல் தெரியும். பாடநூலில் இடமாறு தோற்றம் என்று படித்தது இதுதான். 1838இல் ஃபிரெடரிக் பெசல் இதே முறையில்தான், அன்னம் மண்டலத்திலுள்ள 61 சிக்னியைக்கொண்டு, ஒரு விண்மீனின் தொலைவை நம்பத்தகுந்த வகையில் முதன்முதலாகக் கண்டறிந்தார். பர்னார்டு விண்மீனின் இடமாறு தோற்றம், அதாவது இந்த ஆட்டத்தின் முழு அகலத்தில் பாதி, 0.547 விகலை. இந்த விண்மீனிடம் ஒரு வசதி இருக்கிறது: அதன் சொந்த நகர்வு ஏறக்குறைய முழுவதும் வடக்கு நோக்கியது, இடமாறு தோற்றத்தின் பெரிய ஆட்டமோ ஏறக்குறைய முழுவதும் கிழக்கு மேற்காக நிகழ்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து குழப்புவதில்லை. ஆட்டத்தின் கிழக்கு எல்லை மார்ச் 20ஐ ஒட்டியும் மேற்கு எல்லை செப்டம்பர் 22ஐ ஒட்டியும் வருகின்றன. மார்ச்சில் விடியற்காலை ஐந்து மணிக்கும், செப்டம்பரில் மாலை ஏழேகால் மணிக்கும் அது நம் வானத்தில் எழுபது பாகை உயரத்தில் இருக்கும். ஆகவே மூன்று அளவைகள் போதும்: ஒரு மார்ச், அடுத்த செப்டம்பர், மறு மார்ச். சொந்த நகர்வில் மேற்கு நோக்கிய சிறு பங்கு ஆண்டுக்கு 0.8 விகலை, அது மட்டுமே இருந்தால் ஒவ்வோர் அரையாண்டிலும் விண்மீன் 0.4 விகலை மேற்கே செல்ல வேண்டும். உண்மையில் நீங்கள் காணப்போவது, முதல் அரையாண்டில் மேற்கே 1.5 விகலை, இரண்டாவது அரையாண்டில் எதிர்த்திசையில் கிழக்கே 0.7 விகலை. விண்மீன் ஒன்று திரும்பி வருகிறது. அந்தத் திரும்பல்தான் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு உங்கள் மொட்டைமாடியில் கிடைக்கும் சான்று. இரண்டு எண்களின் சராசரியைப் பாதியாக்கினால் இடமாறு தோற்றம் கிடைக்கும், 3.26ஐ அதனால் வகுத்தால் தொலைவு ஒளியாண்டில் வந்துவிடும்.

தாளில் இது இவ்வளவு அழகாக இருக்கிறது. என் முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு மார்ச் படங்கள் நன்றாக அமைந்தன. செப்டம்பரும் அக்டோபரும் மழையில் போயின. நவம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை வானம் வெளுத்தது. விண்மீன் மேற்கே அடிவானத்திலிருந்து இருபது பாகைக்கும் தாழ்ந்திருந்தாலும் விட மனமில்லாமல் எடுத்தேன். கணக்குப் போட்டபோது தொலைவு 3.6 ஒளியாண்டு என்று வந்தது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமாவின் தொலைவே 4.24 ஒளியாண்டு, நானோ மாடியில் நின்றபடி பர்னார்டு விண்மீனை அதற்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். காரணம் புரியச் சில வாரங்கள் ஆயின. காற்று ஒளியை வளைத்து எல்லா விண்மீன்களையும் சற்று உயர்த்திக் காட்டுகிறது. ஆனால் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகம் உயர்த்துகிறது. ஒப்பீட்டு விண்மீன்கள் பெரும்பாலும் வெண்மையோ மஞ்சளோ ஆனவை, பர்னார்டு விண்மீன் மட்டும் சிவப்பு. ஆகவே அவை உயர, இது அவற்றுக்குக் கீழே தங்கிவிடுகிறது. மேற்கே தாழ்ந்த வானத்தில் கீழே என்பது மேற்கே என்று பொருள். காற்று சேர்த்த அந்த அரை விகலையை நான் பூமியின் சுற்றுப்பாதைக்குக் கணக்கெழுதியிருந்தேன்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எழுபது பாகை உயரத்தில் இந்தப் பிழை வெறும் 0.07 விகலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆனால் மார்ச் காலையில் விண்மீன் கிழக்கு வானத்திலும் செப்டம்பர் மாலையில் மேற்கு வானத்திலும் இருப்பதால், பிழை முதலில் கிழக்காகவும் பிறகு மேற்காகவும் தள்ளுகிறது. இடமாறு தோற்றமும் அதே திசைகளில்தான் தள்ளுகிறது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று நீக்காமல் கூடிக்கொண்டு, தொலைவைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு குறைத்துக் காட்டும். எத்தனை இரவுகள் எடுத்தாலும் சராசரியில் இது தேயாது. இதற்கு மருந்து, கேமராவின் மூன்று நிறங்களில் சிவப்பை மட்டும் பிரித்தெடுத்து அளப்பது. எல்லா விண்மீன்களையும் ஒரே நிறத்தில் பார்த்தால் வளைவும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் வழி உண்டு. மே மாதத்தில் ஏதாவது ஓர் இரவு பதினொரு மணியிலிருந்து விடியும்வரை, விண்மீன் கிழக்கே தாழ்ந்திருப்பதிலிருந்து உச்சியைக் கடக்கும்வரை, அரைமணிக்கு ஒரு தொகுதி எடுத்து அளந்து பாருங்கள். ஒரே இரவில் அது உண்மையில் நகராது என்பது நமக்குத் தெரியும். ஆகவே அந்த இரவில் உங்கள் அளவைகள் எவ்வளவு அலைகின்றனவோ அதுதான் உங்கள் பிழை. நூலிலும் இணையத்திலும் தேடிக் கிடைக்காத எண் அது, உங்கள் கருவிக்கும் உங்கள் மாடிக்கும் மட்டுமே உரியது. அதை முதலில் அறிந்துகொண்டு, பிறகு மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் போவதே முறை என்பது என் உறுதியான கருத்து.

இப்படிப்பட்ட பிழைக்கு ஆளானவர்கள் நம்மைப் போன்றவர்கள் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஸ்புரோல் ஆய்வகத்தில் பீட்டர் வான் டி காம்ப் 1938 முதல் இதே விண்மீனைப் படமெடுத்து, அதன் பாதையில் ஒரு சிறு தள்ளாட்டம் இருப்பதாகவும் அதற்கு ஒரு கோள் காரணம் என்றும் 1963இல் அறிவித்தார். பல ஆண்டுகள் அது பாடநூல்களிலும் இடம்பெற்றது. 1973இல் ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்ஹார்னும் வேறு ஆய்வகங்களின் தகடுகளை அளந்தபோது தள்ளாட்டம் எதுவும் இல்லை. அதே ஆண்டில் ஸ்புரோலிலேயே பணியாற்றிய ஜான் ஹெர்ஷி, அதே தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட வேறொரு விண்மீனும் அதே காலத்தில் அதே போலத் தள்ளாடியிருப்பதைக் காட்டினார். 1949இல் தொலைநோக்கியின் வில்லையைத் தாங்கும் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். தாவியது விண்மீன் அல்ல, வில்லை. தேர்ந்த கையும் முப்பது ஆண்டு உழைப்பும் இருந்த இடத்திலேயே இது நடந்திருக்கிறது என்பதால்தான், தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிக் கழுவினால் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். வடக்கு நகர்வு நிச்சயம் கிடைக்கும் என்றேன்; ஓராண்டு முடிவில் உங்கள் எண் 10.4இலிருந்து ஒரு விழுக்காட்டுக்குள் இருந்தால் வியப்படைய மாட்டேன். தொலைவைப் பற்றி அப்படி வாக்குத் தர இயலாது. இரண்டாவது முயற்சியில், சிவப்பு நிறத்தை மட்டும் பிரித்து அளந்தபோது, எனக்குக் கிடைத்தது 6.4 ஒளியாண்டு, என் பிழை எல்லை அரை ஒளியாண்டு. அது உண்மையான தொலைவைத் தன்னுள் அடக்கியிருந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி, ஆனால் ஒருவருடைய ஒரு முடிவை வைத்து எல்லாருக்கும் அவ்வாறே வரும் என்று சொல்ல மாட்டேன். கோள்களைப் பொறுத்தவரை பதில் தெளிவானது: முடியாது. 2024இலும் 2025இலும் பர்னார்டு விண்மீனைச் சுற்றி நான்கு சிறு கோள்கள் இருப்பதாக அறிவிக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அவை பெருந்தொலைநோக்கிகளில் விண்மீனின் நிறமாலையைப் பகுத்துக் கண்டறியப்பட்டவை. நம் படங்களில் அவற்றின் சாயல்கூட விழாது. யாரேனும் மாடியில் எடுத்த படத்தில் கோளின் இழுப்பைக் கண்டதாகச் சொன்னால், முதலில் கண்ணாடியை எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள்.

பர்னார்டு விண்மீன் மறைந்திருக்கும் மாதங்களில் வேறு வேலை வேண்டுமென்றால், காப்டைன் விண்மீனை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 8.7 விகலை நகரும் அது வேகத்தில் இரண்டாமிடத்தில் இருக்கிறது. தென்வானத்தில் ஆழமாக இருப்பதால் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது தெரியவே தெரியாது, நமக்கோ ஜனவரி இரவுகளில் தெற்கே 32 பாகை உயரம்வரை வருகிறது. உயரம் குறைவு என்பதால் நகர்வை மட்டும் அளவிடுங்கள்; தொலைவை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, செப்டம்பர் மழையைப் பற்றி. நம் பகுதியில் அந்த மாதத்து மாலைகளை நம்ப முடியாது என்பது உங்களுக்கும் தெரிந்ததே. ஆனால் 22ஆம் தேதியேதான் எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆகஸ்ட் 20இலிருந்து அக்டோபர் 20வரை எந்த மாலை வானம் திறந்தாலும் மேற்கு எல்லை ஆட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு கிடைத்துவிடும். அன்றைய தேதிக்கு உரிய பங்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். அக்டோபர் 20இல்கூட மாலை ஆறரைக்கு விண்மீன் ஐம்பது பாகைக்கு மேல்தான் இருக்கும். மார்ச்சுக்கும் அப்படியே பிப்ரவரி 20இலிருந்து தொடங்கிவிடலாம். நவம்பருக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்.